பிரெஞ்சு நாட்டுச் சந்தையும் உணவு விடுதியும்
அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்

முன்னுரை

பிரான்ஸ் தேசத்திற்குச் சென்று வரும் நம்மவர் பெரும்பாலும் பாரிஸ் நகரத்தைக் கண்டு மீள்கின்றனர். ஈபல் கோபுரத்தையும் அருங்காட்சியகங்களையும் பார்ப்பதோடு அவர்தம் பயணம் நிறைவுறுகிறது. அந்நாட்டு மக்களையே வினவினால், தம் வாழ்க்கையின் சுவை சிற்றூர்களில் வாரந்தோறும் கூடும் சந்தைகளிலும், அச்சந்தைகளை அடுத்துள்ள சிறிய உணவு விடுதிகளிலும் இருக்கிறது என்று பலர் கூறுவர். பிரெஞ்சு மக்கள் கூடியிருந்து உண்ணும் விருந்து முறையை ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, பண்பாட்டு நிறுவனம் 2010ஆம் ஆண்டில் மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

உண்பதைப் பற்றிய கட்டுரைக்குக் கூட்டுறவு ஏட்டில் என்ன இடம் என்று அங்கத்தினர் சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஒரு பொருளை வாங்குபவன் அச்சமின்றி வாங்குவதும், உண்பவன் ஐயமின்றி உண்பதும் தாமாக நிகழ்வன அல்ல. அந்த இன்பத்திற்கு அடியில் உற்பத்தியாளர்கள் ஒன்றுகூடித் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு இருக்கிறது. அதை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

நாடு முழுவதையும் சுற்றி வர இவ்வேட்டில் இடமில்லை. ஆகவே கிழக்குப் பிரான்சில் அடுத்தடுத்து அமைந்த இரு பிரதேசங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒன்று, பிரெஸ் என்னும் சமவெளி. கோழி வளர்ப்பில் புகழ்பெற்றது. மற்றொன்று, அதன் கிழக்கே எழும் ஜூரா மலைநாடு, பாலாடைக்கட்டியில் புகழ்பெற்றது. முதலில் சமவெளிச் சந்தைக்குச் செல்வோம்.

1. திங்கட்கிழமைச் சந்தை

பிரெஸ் சமவெளியில் லூஆன் என்றொரு சிற்றூர் உண்டு. அதன் பெரிய தெருவின் இரு மருங்கிலும் வீடுகளின் முன்புறம் வளைவுத் தாழ்வாரங்களாக அமைந்திருக்கும். இவ்வகை வளைவுகள் மொத்தம் 157 என்று ஊரார் பெருமையுடன் எண்ணிச் சொல்வர். மழையிலும் பனியிலும் நனையாமல் கடைகளைப் பார்த்துக்கொண்டே நடப்பதற்கு இவை பெரிதும் உதவுகின்றன. திங்கட்கிழமை காலையில் இத்தெருவும் இதனை அடுத்த வெளிகளும் சந்தையாக மாறிவிடும்.

காய்கறி, பழம், வெண்ணெய், பாலேடு, தேன், ரொட்டி, பூச்செடி, துணி, செருப்பு ஆகிய யாவும் அங்கு விற்பனைக்கு வரும். ஊரின் கோர்தெலியே உலாவெளியில் கோழி, வாத்து, முயல் முதலியவற்றை உயிருடன் கூண்டுகளில் வைத்து விற்பர். சுற்றுவட்டாரக் குடியானவர்கள் வாங்கவும் விற்கவும் வருவதோடு, ஒருவரையொருவர் கண்டு குடும்ப நலம் விசாரிக்கவும் வருகின்றனர். நண்பகல் கடந்ததும் கடைகள் எடுக்கப்பட்டுத் தெரு கழுவப்பட்டுவிடும். எனவே நல்ல பொருள் வேண்டுவோர் காலையிலேயே கூடையுடன் செல்ல வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் பைகள் அந்நாட்டில் 2016, 2017ஆம் ஆண்டுகளில் படிப்படியாகத் தடை செய்யப்பட்டமையால், பழைய பிரப்பங்கூடைக்கு மீண்டும் மதிப்பு உண்டாகியிருக்கிறது.

அச்சந்தைக்கென்று சில ஆசாரங்கள் உண்டு. கடைக்காரரிடம் முதலில் வணக்கம் சொல்லிவிட்டே விலை கேட்க வேண்டும். வணக்கமின்றிப் பேசத் தொடங்குவது மரியாதைக் குறைவாகக் கருதப்படும். பழத்தைக் கையால் அமுக்கிப் பார்த்தல் கூடாது. வேண்டியதைச் சொன்னால் கடைக்காரரே தேர்ந்தெடுத்துக் கொடுப்பார். முலாம்பழம் வாங்குபவரிடம், "இன்று பகலுக்கா, இரவுக்கா, நாளைக்கா?" என்று வினவி, அதற்கேற்ற பக்குவத்தில் உள்ளதை எடுத்துத் தருவார். பாலாடைக்கட்டி விற்பவர் மெல்லிய துண்டொன்றை அறுத்துக் கொடுத்துச் சுவைத்துப் பார்க்கச் சொல்வார். பேரம் பேசும் வழக்கம் உணவுக் கடைகளில் அரிது. சொல்லிய விலையே விலை.

பருவத்திற்கேற்பச் சந்தையின் தோற்றமும் மாறுகிறது. வசந்த காலத்தில் தண்ணீர்விட்டான் இனத்தைச் சேர்ந்த அஸ்பராகஸ் தண்டுகளும், அதன்பின் ஸ்ட்ராபெரியும், ஜூன் மாதத்தில் செர்ரியும், கோடையில் தக்காளியும், இலையுதிர் காலத்தில் காளானும் பூசணியும் குவியும். எந்தப் பொருள் எந்த மாதத்திற்கு உரியது என்பது வாங்குவோருக்கு நன்கு தெரியும். அறியாதவர்க்கும் உதவி உண்டு. பழத்திற்கும் காய்கறிக்கும் முன்னால் விலை மட்டுமன்றி, விளைந்த நாட்டையும் எழுதி வைக்க வேண்டும் என்பது சட்டம்.

2. சந்தையை நடத்துவோர் யார்?

கூட்டமும் கூச்சலும் நிறைந்த இச்சந்தை ஒழுங்காக நடைபெறுவது எவ்வாறு? சந்தை ஊராட்சிக்கு உரியது. இடத்திற்குரிய கட்டணத்தை ஊர்ச்சபை தீர்மானிக்கும். வியாபாரிகளின் சங்கங்களைக் கலந்து கொண்டே ஊர்த்தலைவர் சந்தை விதிகளை வகுப்பார். 'பிளாசியே' என்னும் ஊழியர் ஒருவர் காலையில் கடைகளுக்கு இடம் ஒதுக்கிக் கட்டணம் வசூலிப்பார். வாரந்தவறாமல் வருவோருக்கு நிலையான இடமுண்டு; என்றோ ஒரு நாள் வருவோர் எஞ்சிய இடங்களுக்காகக் காத்திருக்க வேண்டும்.

விற்பவர்கள் இரு திறத்தினர். தம் நிலத்தில் விளைந்ததைத் தாமே விற்கும் உற்பத்தியாளர் ஒரு சாரார். மொத்தச் சந்தையில் வாங்கி விற்கும் வியாபாரிகள் மற்றொரு சாரார். இருவருக்கும் சந்தையில் இடமுண்டு. எலுமிச்சையும் வாழையும் பிரெஸ் சமவெளியில் விளைவதில்லை அன்றோ? ஆனால் வாங்கி விற்பவர் தம்மை உற்பத்தியாளர் என்று பலகையில் எழுதிக்கொள்வது மக்களை ஏமாற்றுவதாகும். மோசடியைத் தடுப்பதற்கென்று அமைந்துள்ள அரசு இலாகாவின் அதிகாரிகள் சந்தைகளுக்கு வந்து பலகைகளையும் தராசுகளையும் ரசீதுகளையும் சோதிக்கின்றனர். இதற்கு அடிப்படையான மோசடித் தடுப்புச் சட்டம் 1905ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் தேதி இயற்றப்பட்டது.

சட்டம் மட்டும் போதுமா எனின், போதாது. அதிகாரி ஒருவர் எத்தனை சந்தைகளுக்குச் செல்ல இயலும்? சட்டம் எட்டாத இடத்தில் உற்பத்தியாளரின் சொந்தக் கட்டுப்பாடே காவல் நிற்க வேண்டும். இதற்குப் பிரெஸ் கோழி தக்க சான்றாகும்.

3. கோழியின் காலில் பெயர்

பிரெஸ் கோழிக்கு வெண்ணிறச் சிறகும், சிவந்த கொண்டையும், நீல நிறக் கால்களும் உண்டு. அந்நாட்டுக் கொடியின் மூவண்ணமும் அதன் உடலில் அமைந்திருப்பதாக மக்கள் வேடிக்கையாகச் சொல்வர். ஐந்து வாரக் குஞ்சானதும் அதைப் புல்வெளியில் விட்டுவிட வேண்டும். ஒவ்வொரு கோழிக்கும் குறைந்தது 10 சதுர மீட்டர் புல்தரை இருக்க வேண்டும் என்பது விதி. மக்காச்சோளமும் கோதுமையும் பாற்பொருள்களும் அதன் தீனி. புழு பூச்சிகளை அது தானே தேடிக்கொள்ளும். ஆலைத்தொழில் முறையில் வளரும் கோழி ஆறேழு வாரத்திற்குள் விற்பனைக்கு வந்துவிடுகிறது. பிரெஸ் கோழியோ ஏறத்தாழ நான்கு மாதம் வளர வேண்டும். விதையடித்த சேவலுக்கு எட்டு மாதம் ஆகும்.

இவ்வளவு செலவு செய்து வளர்த்த கோழியின் பெயரை, செலவு செய்யாத ஒருவன் தன் கோழிக்குச் சூட்டி விற்றால் என்ன ஆகும்? விலை சரியும், பின்னர் உண்மையாக வளர்ப்பவனே அழிவான். இந்த அபாயத்தை உணர்ந்தே பிரெஸ் குடியானவர்கள் நெடுங்காலம் போராடினர். 1936ஆம் ஆண்டு டிசம்பரில் பூர்க் நகர நீதிமன்றம் பிரெஸ் கோழிக்குரிய எல்லையை வரையறுத்துத் தீர்ப்பளித்தது. 1957ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் தேதிச் சட்டம் அப்பெயருக்கு முழுப் பாதுகாப்பு நல்கியது. குறித்த எல்லைக்குள், குறித்த இனத்தை, குறித்த முறையில் வளர்த்தாலன்றி அப்பெயரை இனி எவரும் பயன்படுத்த இயலாது.

விதிக்குரிய அடையாளங்களும் கோழியின் மேலேயே இருக்கின்றன. அதன் இடக்காலில் வளர்த்தவரின் பெயர் பொறித்த வளையம் உண்டு. கழுத்தடியில் மூவண்ண முத்திரை உண்டு. அதனால் அனுப்பியவர் இன்னார் என்று அறியலாம். குறை ஏதேனும் கண்டால் எவர் கொட்டிலிலிருந்து வந்தது என்று தேட வேண்டியதே இல்லை. தணிக்கைத் தொழிலில் இருக்கும் நமக்கு இந்த வளையத்தின்மேல் தனிப்பட்ட மதிப்பு உண்டு. ஒரு பொருளோடு பொறுப்பையும் சேர்த்து அனுப்புவதற்கு இதைவிட எளிய வழி வேறில்லை.

நெசவாள அங்கத்தினர்களுக்கு உவப்பான செய்தி ஒன்றும் ஈண்டுச் சொல்லத்தக்கது. ஆண்டுதோறும் டிசம்பர் மாதத்தில், கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு முன்னர், பூர்க், லூஆன் முதலிய நான்கு ஊர்களில் பிரெஸ் கோழிப் போட்டி நடைபெறுகிறது. இப்போட்டி 1862இல் தொடங்கியது. போட்டிக்கு வரும் விதையடித்த சேவல்களை இறகு நீக்கியபின் துணியில் இறுகச் சுற்றி, நெருக்கமாகத் தைத்து வைப்பர். சில நாள் கழித்து அவிழ்க்கும்போது கொழுப்பு சீராகப் பரவி, மேனி வழவழப்பாக நீண்ட வடிவம் பெற்றிருக்கும். இவ்வாறு சுற்றித் தைப்பது குடியானவர் இல்லங்களில் வழிவழி வந்த கைத்திறன். பரிசு கோழிக்கு வழங்கப்படினும், துணியைத் தைத்த கைக்கும் அதில் பங்குண்டு.

4. விடுதியில் ஒரு நண்பகல்

சந்தையில் சுற்றிக் களைத்தவர்கள் இனி உணவு விடுதிக்குச் செல்வர். கிராமப்புற விடுதிகளில் நண்பகல் உணவு பன்னிரண்டு மணிக்குத் தொடங்கி இரண்டு மணியளவில் முடிந்துவிடும். அதற்குப் பின் வந்து பசி என்று சொன்னாலும் அடுப்பு அணைந்திருக்கும். சந்தை நாளில் மட்டும் சில விடுதிகள் விடியற்காலையிலேயே திறந்துவிடும். கன்றின் தலையிறைச்சியை வேகவைத்துக் காலையிலேயே பரிமாறுவது லூஆன் சந்தையின் பழைய வழக்கம். இருட்டில் எழுந்து வண்டி ஓட்டி வந்த வியாபாரிகளுக்கு அதுவே காலை உணவு.

விடுதிக்குள் நுழையுமுன் வாயிலிலேயே நின்று உணவுப் பட்டியலையும் விலையையும் படித்துக்கொள்ளலாம். விலைப்பட்டியலை வெளியே தொங்கவிட வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டின் ஆணை. பகலுணவுக்குரிய பட்டியல் பதினொன்றரை மணிக்கே வெளியில் இருக்க வேண்டும். எழுதிய விலையில் வரியும் பணியாளர் கூலியும் அடங்கும். ரொட்டிக்கும் குடத்துத் தண்ணீருக்கும் தனிக்கட்டணம் இல்லை. மாட்டிறைச்சி எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதை 2002 முதலும், கோழி, ஆடு, பன்றி இறைச்சிகளைப் பற்றி 2022 முதலும் விடுதிகள் தெரிவித்தாக வேண்டும். 2014இல் மற்றொரு சீர்திருத்தம் வந்தது. ஆலையில் சமைத்து உறைய வைத்ததைச் சூடாக்கிப் பரிமாறும் விடுதிகள் பெருகியமையால், பச்சைப் பொருள்களைக் கொண்டு தம் அடுப்பிலேயே சமைத்த உணவுக்கு மட்டும் 'வீட்டுத் தயாரிப்பு' என்ற குறியை இடலாம் என்று விதி செய்தனர். சட்டியின்மேல் கூரை கவிந்தாற்போன்ற சிறு சித்திரமே அக்குறி.

அன்றைய உணவு எது என்பதைக் கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதியிருப்பர். இதுவே கிராம விடுதியின் இலக்கணம். சந்தையில் அன்று நல்ல விலைக்கு எது கிடைத்ததோ அதுவே உணவாகிறது. முதலில் ஒரு சிறு தொடக்க உணவு, அதன்பின் பெரிய உணவு, பின்னர் பாலாடைக்கட்டி, ஈற்றில் இனிப்பு என்பது முறை. பிரெஸ் நாட்டில் பெரிய உணவு என்றால் பாலேட்டில் வெந்த கோழியே முதலிடம் பெறும். அப்பாலேட்டுக்கும் வெண்ணெய்க்கும்கூட 2012 முதல் பிரதேசப் பெயருரிமை உண்டு. புலால் உண்ணாதவர்கள் வருந்த வேண்டுவதில்லை. வறுத்த மக்காச்சோள மாவில் காய்ச்சும் 'கோத்' என்னும் கஞ்சி அப்பிரதேசத்து ஏழைகளை நெடுங்காலம் காப்பாற்றியது. அதை உண்டு உண்டே அவர்களுக்கு 'மஞ்சள் வயிற்றினர்' என்ற பெயர் வந்தது என்பர். மூன்று மூலைத் தொப்பி போன்ற 'கொர்னியோத்' என்னும் பணியாரம் லூஆன் ஊருக்கே உரியது.

சந்தையும் விடுதியும் ஒன்றையொன்று வளர்த்த வரலாற்றுக்கு வொனா என்னும் சிற்றூர் எடுத்துக்காட்டாகும். 1872இல் பிளாங் குடும்பத்தினர் அங்கே ஓர் எளிய விடுதியைத் தொடங்கினர். கோழிச் சந்தைக்கு வந்த முட்டை, கோழி வியாபாரிகளே அவர்களுடைய முதல் வாடிக்கைக்காரர்கள். அக்குடும்பத்தின் மருமகள் எலிசா பிளாங் அம்மையார் உள்ளூர்க் கோழியையும் பாலேட்டையும் கொண்டே சமைத்தார். புகழ்பெற்ற உணவு விமர்சகர் குர்னோன்ஸ்கி 1933இல் அவரை உலகிலேயே சிறந்த சமையற்காரி என்று பாராட்டினார். அவ்வம்மையாரின் பேரர் காலத்தில், 1981இல், அவ்விடுதி மிஷ்லென் வழிகாட்டியின் மூன்று நட்சத்திரத் தகுதியை எய்தி, 2025 வரை அதைக் காத்துவந்தது. சந்தை வியாபாரிகளுக்குச் சோறிட்ட அடுப்பே இவ்வுயரத்திற்குச் சென்றது என்பதை நாம் மறத்தலாகாது.

மேசையின்மேல் விரித்த துணியையும் ஒரு கணம் பார்ப்போம். தெற்கே புரோவான்ஸ் பிரதேசத்துச் சந்தைகளில் விற்கும் பூ அச்சடித்த பருத்தி விரிப்புகளுக்கு இன்றும் 'இந்தியென்' என்பதே பெயர். 17ஆம் நூற்றாண்டில் நம் சோழமண்டலக் கரை முதலான இடங்களிலிருந்து கப்பலேறிய வண்ணத் துணிகளைப் பிரெஞ்சு மக்கள் பெரிதும் விரும்பினர். அந்நாட்டுப் பட்டு, கம்பளித் தொழிலாளர் முறையிட்டதன்பேரில் 1686இல் அரசு அத்துணிகளைத் தடை செய்தது. 1759 வரை தடை நீடித்தது. எனினும் மக்கள் விருப்பம் தணியவில்லை. கடைசியில் அந்நாட்டாரே அவ்வாறு அச்சடிக்கக் கற்றுக்கொண்டனர். நம் முன்னோரின் கைவண்ணம் பெயரளவிலேனும் அச்சந்தைகளில் இன்றும் உலவுகிறது.

5. மலைநாட்டுப் பாற்சங்கம்

விருந்தின் மூன்றாம் கட்டத்தில் பாலாடைக்கட்டி வந்தது. அது ஜூரா மலையில் செய்யப்படும் 'கோம்தே' என்னும் வகை. நம் கூட்டுறவு அங்கத்தினர் ஒவ்வொருவரும் இதன் வரலாற்றை அறிதல் வேண்டும்.

கோம்தே பாலாடைக்கட்டி ஒரு பெரிய சக்கரம் போன்றது. எடை சுமார் 40 கிலோ. ஒரு சக்கரம் செய்ய ஏறத்தாழ 400 லிட்டர் பால் வேண்டும். மலையில் சில பசுக்களை மட்டுமே வைத்திருந்த ஏழைக் குடியானவன் ஒரு நாளில் 400 லிட்டருக்கு எங்கே போவான்? பனி மூடிய குளிர்காலத்திற்குப் பாலைச் சேமிக்க வேண்டுமெனில் பெரிய கட்டியாகச் செய்தாக வேண்டும். பெரிய கட்டியாகச் செய்ய வேண்டுமெனில் அண்டை வீட்டுப் பாலும் வேண்டும். தேவையே அவர்களை ஒன்றுசேர்த்தது. இவ்வாறு தோன்றிய பாற்சங்கங்களுக்குப் 'புருய்த்தியேர்' என்று பெயர். உழைப்பின் பலனைப் பகிர்ந்துகொள்ளும் இடம் என்னும் பொருள் அதில் தொனிக்கிறது. 13ஆம் நூற்றாண்டு ஆவணங்களிலேயே இவை குறிக்கப்படுகின்றன. ராச்டேல் நெசவாளர்கள் 1844இல் தம் கடையைத் திறப்பதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முன்னரே ஜூரா மலையில் கூட்டுறவு நடைமுறையில் இருந்தது என்பது வியக்கத்தக்கது.

தமிழில் 'ஏழை படும் பாடு' என்ற பெயரால் நாம் அறிந்துள்ள விக்டர் ஹியூகோவின் நாவல் 1862இல் வெளிவந்தது. சிறையிலிருந்து மீண்ட கதாநாயகனுக்கு உணவளித்த பாதிரியார், அவன் செல்லவிருந்த மலைநாட்டின் பாற்சங்கங்களைப் பற்றி அவனிடம் எடுத்துரைக்கிறார். ஏழைகள் பசுக்களைப் பொதுவில் வைத்து நடத்தும் சங்கங்கள், அவர்கள் கூலிக்கு அமர்த்தும் கட்டி செய்பவர், அவர் பாலின் அளவைப் பிளந்த மரக்கோலில் வெட்டுக் குறிகளாகப் பதிவு செய்யும் முறை ஆகிய யாவும் அதில் வருகின்றன. கோலின் இரு பாதிகளையும் சேர்த்து வைத்து வெட்டினால் குறி இரண்டிலும் விழும். ஒரு பாதி சங்கத்திடமும் மறு பாதி அங்கத்தினரிடமும் இருக்கும். ஒருவர் தனியே ஒரு வெட்டைக் கூட்டினால் மறு பாதியோடு பொருந்தாது. எழுத்தறியாத மக்கள் கண்டுபிடித்த இரட்டைப் பதிவேடு இதுவேயாகும். நம் சங்கங்களில் அங்கத்தினர் கைப்புத்தகத்தை எழுதாமல் விட்டுவிடும் காரியதரிசிகள் இம்மரக்கோலை நினைவில் கொள்வாராக.

இன்று ஜூரா பிரதேசத்தில் சுமார் 140 பாற்சங்கங்கள் கோம்தே செய்து வருகின்றன. 1958இல் அப்பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. 1963இல் குடியானவர், கட்டி செய்வோர், முதிர வைப்போர் ஆகிய முத்திறத்தாரும் கூடிய பொதுக்குழு ஒன்று அமைந்தது. அவர்கள் தமக்கு விதித்துக்கொண்ட கட்டுப்பாடுகளுள் சில வருமாறு:

குறித்த இரண்டு பசு இனங்களின் பால் மட்டுமே ஏற்கப்படும். ஒவ்வொரு கறவைப் பசுவுக்கும் குறைந்தது ஒரு ஹெக்டேர் புல்நிலம் இருக்க வேண்டும். பசுவுக்குப் புல்லும் உலர்ந்த வைக்கோற்புல்லும் தரலாம். புளிக்க வைத்த தீவனம் அறவே கூடாது. பாலை 25 கிலோமீட்டர் விட்டமுள்ள வட்டத்திற்குள்ளிருந்தே திரட்ட வேண்டும். கறந்த 24 மணி நேரத்திற்குள் செப்புக் கொப்பரையில் கட்டியாக்க வேண்டும். செய்த சக்கரத்தை மரப்பலகைமேல் வைத்துக் குறைந்தது 120 நாள் முதிர வைக்க வேண்டும்.

இறுதியில் தேர்வும் உண்டு. தேர்ந்த சுவைஞர்கள் ஒவ்வொரு தொகுதிக்கும் 20க்கு இத்தனை என்று மதிப்பெண் இடுவர். 14உம் அதற்கு மேலும் பெற்றவை பச்சைப் பட்டை சுற்றி விற்பனைக்கு வரும். 12 முதல் 14க்குள் பெற்றவை பழுப்புப் பட்டை பெறும். 12க்குக் குறைந்தவை கோம்தே என்ற பெயரையே இழந்துவிடும். அதே பாலில், அதே முறையில், அதே அங்கத்தினர் உழைப்பில் செய்ததாயினும் பெயர் கிடையாது! எந்தச் சங்கத்தில் எப்போது செய்தது என்பதைக் காட்டும் சிறு தகடு ஒவ்வொரு சக்கரத்திலும் பதிந்திருக்கும்.

எவ்வளவு செய்வது என்பதையும் அவர்கள் கூட்டாகவே வரையறுத்துக்கொள்கின்றனர். விலை உயர்ந்திருக்கிறதே என்று அளவின்றிப் பெருக்கினால், தரமும் விலையும் ஒருங்கே வீழும் என்பது அவர்கள் கண்ட அனுபவம். இதன் பயனாகக் கோம்தே பால் கொடுக்கும் குடியானவர், சாதாரணப் பாலுக்குக் கிடைப்பதைவிட மிகுந்த விலையைப் பொதுவாகப் பெற்று வருகின்றனர். இப்பாற்சங்க முறையைக் கண்டு திராட்சை பயிரிடுவோரும் அதைப் பின்பற்றினர். ஜூராவின் அர்புவா ஊரில் 1906இல் தொடங்கிய திராட்சை ரசச் சங்கத்திற்கும் புருய்த்தியேர் என்றே பெயர்.

6. இவ்வின்பத்திற்கு நேர்ந்துள்ள இடர்

இதுகாறும் கூறியவற்றால் பிரெஞ்சுக் கிராமங்களில் குறையொன்றும் இல்லை என்று எண்ணிவிடலாகாது. 1963இல் பாரிஸ் நகருக்கு அருகே அந்நாட்டின் முதல் பேரங்காடி திறக்கப்பட்டது. அன்று முதல் ஒரே கூரையின்கீழ் யாவற்றையும் வாங்கி வண்டியில் ஏற்றிச் செல்லும் வழக்கம் பரவியது. பல ஊர்களில் வாரச் சந்தை மெலிந்தது. 1960இல் ஏறத்தாழ 2 லட்சமாக இருந்த காபி விடுதிகள் இப்போது 40 ஆயிரம் அளவுக்குக் குறைந்துவிட்டன. 2010க்கும் 2020க்கும் இடைப்பட்ட பத்தாண்டில் மட்டும் சுமார் ஒரு லட்சம் பண்ணைகள் மறைந்தன. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எஞ்சியவை ஏறத்தாழ 3,90,000.

ஊரிலுள்ள கடைசி விடுதி மூடப்படுமாயின், முதியோர் கூடிப் பேசவும் இடமில்லாது போகும். இதை உணர்ந்து சிலர் முயற்சி செய்தனர். 1993இல் தென்கிழக்கே போர்கால்கியே என்னும் வட்டாரத்தில் 'நாட்டுப்புற விடுதி' என்ற பொது அடையாளம் ஒன்றை ஏற்படுத்தினர். சிற்றூரின் விடுதி ஆண்டு முழுதும் திறந்திருக்க வேண்டும். உள்ளூர்ப் பொருளைச் சமைக்க வேண்டும். அதற்கு ஈடாகப் பொது விளம்பரமும் உதவியும் பெறும். 2001இல் மார்செய் நகருக்கு அருகிலுள்ள ஒபாஞ் ஊரில் வேறொரு முறை தொடங்கியது. நுகர்வோர் ஒரு குழுவாகச் சேர்ந்து பருவத் தொடக்கத்திலேயே குடியானவருக்கு முன்பணம் கொடுத்துவிடுவர். விளைந்ததை வாரந்தோறும் கூடையாகப் பெற்றுக்கொள்வர். மழை பொய்த்தால் நஷ்டத்தில் அவர்களுக்கும் பங்குண்டு. இம்முறையைப் பின்பற்றும் குழுக்கள் இன்று நாடெங்கும் இருக்கின்றன.

7. நாம் கொள்ள வேண்டிய பாடம்

சில ஆண்டுகளுக்கு முன் நெசவாளர் சங்கம் ஒன்றில் நாம் இருப்புச் சோதனை செய்தோம். புத்தகத்தில் எழுதியிருந்த துண்டுகளின் எண்ணிக்கையும் அலமாரியில் இருந்த எண்ணிக்கையும் சரியாக இருந்தன. திருப்தியுடன் கையெழுத்திட்டுத் திரும்பினோம். இரண்டு மாதம் சென்றபின், வெளியூர் வியாபாரி ஒருவர் ஒரு கட்டு முழுவதையும் திருப்பி அனுப்பிவிட்டார். கைத்தறி முத்திரை குத்திய துண்டுகளுக்கிடையே விசைத்தறித் துண்டுகள் கலந்திருந்தன. கலந்தவர்கள் இரண்டொரு பேர். வேலை இழந்தவர்களோ சங்கத்தின் அத்தனை தறிக்காரர்களும். நேர்மையாக நெய்த முதியவர் ஒருவர், "ஐயா, எண்ணிப் பார்த்தீர்களே, ஒன்றை விரித்துப் பார்க்கவில்லையே!" என்று எம்மைக் கேட்டார். அதற்கு எம்மிடம் விடை இல்லை.

பிரெஸ் கோழியின் கால்வளையத்தைப் பற்றி எழுதும்போது அம்முதியவரின் சொல்லே நினைவுக்கு வருகிறது. அத்துண்டுகளில் சங்கத்தின் முத்திரை இருந்தது. நெய்தவரின் பெயர் இல்லை. பெயர் இருந்திருப்பின் கலந்தவர் கலக்கத் துணிந்திரார். கலந்திருப்பினும் பழி உரியவரோடு நின்றிருக்கும்.

ஆகவே மூன்று செய்திகளை அங்கத்தினர் மனத்தில் இருத்த வேண்டும். முதலாவது, பொருளின் நற்பெயர் பொதுச் சொத்து. அதை ஒருவர் கெடுத்தால் எல்லோரும் இழப்பர். இரண்டாவது, தரத்தில் குறைந்ததை நம்முடையது என்பதற்காக ஏற்றுக்கொள்ளுதல் கூட்டுறவு ஆகாது. ஜூராக் குடியானவர்கள் தம் கட்டிக்கே தம் பெயரை மறுக்கின்றனர். மூன்றாவது, இக்கட்டுப்பாட்டை வெளியிலிருந்து வரும் இன்ஸ்பெக்டர் காப்பாற்ற முடியாது; அவர் வருவதோ ஆண்டுக்குச் சில நாள். பொதுக்கூட்டத்தில் கைதூக்கி விதியை ஏற்ற அங்கத்தினரே அதன் காவலர்.

லூஆன் சந்தையில் கோழி வாங்கும் கிழவி சட்டப் புத்தகத்தைப் படித்தவள் அல்லள். காலிலுள்ள வளையத்தைப் பார்க்கிறாள்; விலையைக் கொடுக்கிறாள்; கூடையில் வைத்துக்கொண்டு வீடு செல்கிறாள். நம் சங்கத்துத் துண்டையும், நம் சங்கத்து மஞ்சளையும், நம் சங்கத்துப் பாலையும் அவ்வாறு ஐயமின்றி வாங்கிச் செல்லும் நாளை உண்டாக்குவது நம் கையில் இருக்கிறது.

படிப்பு வட்டத்திற்குரிய வினாக்கள்

1. உற்பத்தியாளர், வாங்கி விற்பவர் ஆகிய இருவரையும் சந்தையில் வேறுபடுத்திக் காட்டுவது ஏன் அவசியம்?

2. பாற்சங்கத்தின் பிளந்த மரக்கோலுக்கும் நம் சங்கத்தின் கைப்புத்தகத்திற்கும் உள்ள ஒற்றுமை யாது? உங்கள் கைப்புத்தகத்தில் கடைசிப் பதிவு எந்தத் தேதியில் செய்யப்பட்டது?

3. 12 மதிப்பெண்ணுக்குக் குறைந்த கட்டிக்குப் பெயர் மறுப்பதால் அங்கத்தினருக்கு உடனே நஷ்டம் உண்டாகிறது. அந்நஷ்டத்தை அவர்கள் ஏற்பது ஏன்?

4. உங்கள் சங்கப் பொருளில் குறை கண்ட ஒருவர், அதைச் செய்தவர் யார் என்று அறிய இன்று வழி உண்டா? இல்லையெனில் என்ன செய்யலாம்? அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதனை விவாதிக்கவும்.